ராகு காலத்தில் பார்த்த லோரி

1

இந்தக் கதை பிறந்தது பெட்டாலிங் ஜெயாவில், ஒரு பழைய டீசல் கார் வாங்கலாமா வேண்டாமா என்று நான் மூன்று மாதமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது. ஏறாத பட்டறை இல்லை, கேட்காத ஆள் இல்லை. "நீங்க ஆராய்ச்சி பண்ணி முடிக்கறதுக்குள்ள புதுக் காரே பழசாயிடும்லா," என்றாள் என் மனைவி. காரை விட்டுவிட்டேன். ஆராய்ச்சி மட்டும் மிஞ்சியது. அதை வீணாக்க மனமில்லாமல் 1943-க்குக் கொண்டுபோகிறேன்.

முதல் தொடக்கம்: நாகையா பளபளக்கும் டீசல் காரின் கதவைத் திறந்து...

(அடித்துவிட்டேன். ஜப்பான்காரன் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் நாகையாவுக்கு டீசல் காரா? உங்கள் காதில் பூ சுற்றுவதற்கும் ஓர் அளவு உண்டு. லோரி என்று வைத்துக்கொள்வோம்.)

2

நாகையா, வேலை போன ரயில்வே பிட்டர். மனைவி புஷ்பவல்லி துணி தைக்கிறாள். மூன்று பிள்ளைகள். கிள்ளானில் அப்துல் மஜீத் என்ற வியாபாரியிடம் ஒரு பழைய டீசல் லோரி இருக்கிறது. டீசல் கிடைக்காத காலம், செம்பனை எண்ணெயில்தான் ஓடுகிறது. அது கைக்கு வந்தால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் ஜப்பான் நோட்டை மஜீத் தொடமாட்டார். அவர் கேட்பது புஷ்பவல்லியின் தையல் மிஷினை. அந்த வீட்டில் அடுப்பு எரிவதே அந்த மிஷினால்தான். லோரி படுத்துவிட்டால் அடுப்பும் படுத்துவிடும்.

(நாகையா மீது எனக்கு நம்பிக்கை இல்லை. ரயில் இஞ்சினை அக்கக்காகக் கழற்றுவான். டீசல் இஞ்சினைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்த அளவுதான். அதாவது, ஒன்றுமில்லை.)

லோரியை முன்பே பார்த்துவிட்டு வந்த இரண்டு பேரிடம் அவன் விசாரித்தான். "கைப்பிடிய ஒரே சுத்து, இஞ்சின் பிடிச்சிருச்சு!" என்று இருவருமே சொன்னார்கள்.

3

திங்கட்கிழமை. ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. கிள்ளான் ஸ்டேஷன் கடிகாரத்தில் ஒன்பது தாண்டியதைப் பார்த்த பிறகே, மிஷினை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு நாகையாவும் புஷ்பவல்லியும் மஜீத் வீட்டுக்குப் போனார்கள்.

(அந்தக் கடிகாரம் காட்டியது டோக்கியோ நேரம். ஜப்பான்காரன் வந்த கையோடு மலாயாவின் முள்ளை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டான். ராகு காலமும் ஒன்றரை மணி நேரம்தான். பழைய நேரப்படி அப்போது மணி ஏழரை. ராகு காலத்துக்குத் தப்பி வந்ததாக நினைத்த நாகையா, அது தொடங்குகிற நேரம் பார்த்து நுழைகிறான்.)

மஜீத் வாசலில் கெண்டியும் கையுமாக நின்றார். இந்துக்கள் ராகு காலம் கழியாமல் வரமாட்டார்கள் என்பது அவர் அனுபவம். பழைய நேரக் கணக்கில் இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறதென்று நிதானமாக, லோரியின் எண்ணெய்க் குழாய்மீது வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், லோரிக்குக் குளிப்பாட்டா?" என்றாள் புஷ்பவல்லி.

மஜீத் திருதிருவென்று விழித்தார். பிறகு கெண்டியைக் கீழே வைத்தார். "காலையில எண்ணெய் உறைஞ்சு போவுது, தங்கச்சி. சுடுதண்ணி ஊத்தலேன்னா அசையாது. சூடு பண்ணிட்டா சாயங்காலம் வரைக்கும் நிக்காது. அல்லா மேல ஆணையா."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலே?" என்றாள் புஷ்பவல்லி.

"சொன்னா யாரு வாங்குவா?"

நாகையா முகம் தொங்கிப்போனது. புஷ்பவல்லி கேட்டாள்: "தெனம் எத்தன கெண்டி?"

"ரெண்டு."

"இவருக்கும் காலையில சுடுதண்ணி வச்சாத்தான் ஸ்டார்ட் ஆவுறாரு. கூட ரெண்டு கெண்டி வைக்கிறேன், போங்க."

நாகையாவே சிரித்துவிட்டான். மஜீத் இரண்டாவது கெண்டியை ஊற்றிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினார். லோரி இருமியது, பிடித்துக்கொண்டது. எண்ணெய்ப் புகையில் வாசலெல்லாம் பலகாரம் பொரிக்கிற வாசனை. எழுதும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

4

பேரத்தை முடிக்க நாகையா கையை நீட்டினான். "இருங்கண்ணே, இப்பத்தான் ஒங்க ராகு காலம் தொடங்குது. முடியட்டும். டீ குடிங்க," என்று தடுத்தவர் மஜீத்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மஜீத்தைப் போல நானும் ஒன்றை மறைத்தேன். புஷ்பவல்லியின் மிஷின் தடித்த துணியில் நூலை அறுத்துவிடும். இரண்டாம் பகுதியிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் அவள் பக்கம் நிற்கமாட்டீர்களோ என்று பயந்தேன்.

மஜீத்தின் மனைவி மரியம் மிஷின் முன்னால் உட்கார்ந்து, ஒரு மெல்லிய துணியை ஓட்டிப் பார்த்தாள். "என்னமா ஓடுது!" என்று பூரித்துப்போனாள்.

முடிவு ஒன்று: புஷ்பவல்லி வாயை மூடிக்கொண்டாள். லோரி பிரிக்பீல்ட்ஸ் வந்து...

(இல்லை. ஏன் முன்னாடியே சொல்லலே என்று மஜீத்தைக் கேட்ட வாய் அது.)

முடிவு இரண்டு: "மரியம் அக்கா, மெல்லிசுல அப்படித்தான் ஓடும். தடிச்ச துணின்னா நூலு அறுந்துரும்." சொல்லிவிட்டாள். சொன்னதும் மனசு லேசானது. நாகையாவுக்கு டீ புரையேறியது.

மரியம் மிஷினைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். வாசலில் உறுமிக்கொண்டிருந்த லோரியையும் பார்த்தாள்.

அவள் பதிலை நான் எழுதப்போவதில்லை. இந்தக் கதையில் விற்க வந்தவர்கள் மூன்று பேர், என்னையும் சேர்த்து. மூன்று பேரும் குறையைச் சொல்லியாகிவிட்டது. வாங்குவதும் விடுவதும் இனி உங்கள் பாடு.