வைவாவில் விழுந்த ஆமென்

பெரினியம் என்ற சொல்லைக் கேட்டாலே ஜெப்சிக்குச் சிரிப்பு வந்துவிடும். மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்துவிட்டு, இரண்டு தொடைகளுக்கும் நடுவே இருக்கிற அந்த அடித்தளத்தைப் படிக்காமல் தப்ப முடியுமா? "அஸ்வதி, உக்காரும்ப பெஞ்சில படுற எலும்புக்கும் ஒரு பேரு வச்சிருக்கானுவ, கேட்டியா?" என்பாள். பிறகு தலையணையில் முகம் புதைத்துக் குலுங்குவாள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். பக்கத்துக் கட்டிலில் கிடந்து நானும் சிரிப்பேன், அது வேறு விஷயம்.

அனாடமி வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், சத்தியநேசன் சார் முதல் கேள்வியே பெரினியத்தின் எல்லைகளைப் பற்றித்தான் கேட்டார். ஜெப்சி கையிலிருந்த இடுப்பெலும்பைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள், சிரித்தாள். சார் வெளியே அனுப்பிவிட்டார். இனி மறுதேர்வு ஒன்றுதான். அதிலும் கோட்டைவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது. நாங்களெல்லாம் அடுத்த ஆண்டுக்குப் போக, இவள் இதே எலும்புகளோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். அன்று மெஸ்ஸில் மீன்குழம்பைக்கூடத் தொடாமல் அழுதாள்.

"ஏட்டி, வசனம் சொல்லும்ப மட்டும் எனக்குச் சிரிப்பே வராது," என்றாள் திடீரென்று.

சபையில் ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் வேதவசனப் போட்டி என்றால் முதல் பரிசு இவளுக்குத்தானாம். கண்ணை மூடி, கை கூப்பி, ஒரே ராகத்தில் இழுத்து ஒப்பிப்பாளாம். பெரினியத்தையும் அப்படியே உருப்போட்டாள். குளியலறையிலிருந்தும் அந்த இழுவை கேட்டது. நான் அஞ்சுகிராமத்து ஐயாவழிக்காரி. எனக்கே எங்கள் தாங்கலில் கும்பிட்டு நிற்கிற மாதிரி மனம் அடங்கிப்போனது.

மறுதேர்வன்று, முதல் வைவாவில் தோற்ற எங்கள் கோஷ்டி மேசையைச் சுற்றி நின்றது. நான் ஏன் அந்தக் கோஷ்டியில் இருந்தேன் என்று கேட்காதீர்கள். சார் எலும்பை நீட்டினார்.

"பெரினியம்."

ஜெப்சி கண்ணை மூடினாள், கையைக் கூப்பினாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், ராகம் மட்டும் அசல் சபை ராகம். முன்னே இடுப்பெலும்புகள் சேரும் இடம், பின்னே வாலெலும்பின் நுனி, இருபுறமும் உட்காரும் எலும்புகள், குறுக்கே கோடு கிழித்தால் இரண்டு முக்கோணங்கள். அவள் இழுக்க இழுக்க, பக்கத்தில் நின்ற பிபினின் தலை தாழ்ந்தது. அட்டெண்டர் மத்தியாஸ் அண்ணன் கண்ணை மூடினார். நானும் குனிந்தேன். சாரும்தான்!

அவள் முடித்ததும் மத்தியாஸ் அண்ணன் உரக்கச் சொன்னார்: "ஆமென்."

"ஆமென்," என்றோம் எல்லோரும், சார் உட்பட.

அப்புறம் அறையே வெடித்தது. சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிபின் தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு மூச்சு முட்டியது. ஜெப்சியின் உதடு துடிப்பதைப் பார்த்தேன். தொலைந்தாள் என்று நினைத்தேன்.

சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மனப்பாடம் சரி. இப்ப கண்ணத் தொறந்து சொல்லு. ரெண்டு முக்கோணத்துக்கும் நடுவுல என்ன இருக்கு? அது எதுக்கு?"

ஒப்பிக்க இனி எதுவும் இல்லை. அவள் எலும்பை வாங்கி, அதன் நடுவே வெறும் காற்றில் விரலை வைத்தாள்.

"பெரினியல் பாடி, சார். அடியில உள்ள தசையெல்லாம் இங்க வந்துதான் சேரும். எனக்க அக்கா ஜெபகனிக்கு போன வாரம் பிரசவத்துல இதுதான் கிழிஞ்சுது. தையல் போட்டிருக்கு. பிள்ளைக்குப் பால் குடுக்க நேரா உக்காரக்கூட அவளால முடியல்ல, சார்."

அவள் சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை. இத்தனை நாள் அந்த எலும்பை வைத்து விளையாடிக்கொண்டிருந்த எனக்கு அழுகை முட்டியது.

"பாஸ். போ, மக்ளே," என்றார் சார்.

ஜெப்சி வராந்தாவுக்கு ஓடி அக்காவை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டாள். "எக்கா, உனக்க தையல வச்சு நான் பாஸாயிட்டேன்! வைவால எல்லாரும் ஆமென் சொன்னாவ!"

மறுமுனையில் ஜெபகனி களுக்கென்று சிரித்தாள். உடனே, "அம்மாடி!" என்று பல்லைக் கடித்தாள்.

"ஏட்டி, சிரிக்க வைக்காத. தையல் இழுக்கு."

ஜெப்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.