தொப்பி இல்லாத படம்

கதவில் ஒட்டியிருந்த அப்பாவின் மரண அறிவிப்பைக் காய்கறிக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள் ரலீட்சா. பசை முழுதாகக் காயவில்லை. அதிலிருந்த படத்தின் சிவப்புத் தொப்பி சுருண்டு வந்துவிட்டது. அதற்குக் கீழே இருந்த ஆறு வயதுப் பையனின் முகம்தான் வர மாட்டேன் என்றது.

"ஏன்டி, உனக்குக் கிறுக்கா? இப்பத்தான ஒட்டினேன்." பசை வாளியோடு படியேறி வந்தாள் அப்பாவின் அக்கா நெவேனா.

"அப்பா வேணாம்னாரு அத்தை. நேத்து ஆஸ்பத்திரியில. 'எனக்கு வயசு அறுபத்தெட்டு, என்னைத் தொப்பி மாட்டி அனுப்பிடாதே'ன்னாரு. சரின்னு சொல்லியிருக்கேன்."

"அவன் பேரை ஸ்தாமென்னு போட்டா இந்த லோம் ஊர்ல எவனுக்குத் தெரியும்? பிர்கோன்னு போடு, நாடே அழும்."

அது பொய்யில்லை. தாத்தா எழுதிப் படமும் வரைந்த 'தொட்டிக் கப்பல்' இல்லாத வீடு கிடையாது. சிவப்புத் தொப்பியோடு சலவைத் தொட்டியில் ஏறி டான்யூப் ஆற்றில் புறப்படும் சிறுவன் பிர்கோ, கரண்டிகள் அரசாளும் நாட்டுக்கும், மேகங்களை மாடு மாதிரி முளையில் கட்டிவைக்கும் நாட்டுக்கும் போய் வருவான். தாத்தா தன் மகனைத் தொட்டியில் நிற்கவைத்துத்தான் பிர்கோவை வரைந்தார். அந்த மகன், ரலீட்சாவின் அப்பா, பிறகு முப்பத்து நான்கு வருடம் டவுன் பஸ் ஓட்டினார். "பிர்கோ, இன்னிக்கு எந்த நாட்டுக்கு?" என்று ஏறுகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். "ரயிலடிக்கு. டிக்கெட் எடு" என்பார். சிரிக்க மாட்டார்.

"ரொட்டிக் கடை, பஸ் ஸ்டாப், எல்லா இடத்துலயும் ஒட்டிட்டேன்," என்றாள் அத்தை. "உனக்கென்ன தெரியும்? அவன் தொட்டியில நின்னப்ப அது ஆடாம பிடிச்சுக்கிட்டது யாரு? நான்தான். என் கை விரல்கூட ஒரு படத்துல கிடையாது."

ரலீட்சா கத்தியை நடை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

கூடத்தில் ஜன்னல் திறந்திருந்தது. சாவு வீடு என்பதால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். அப்பா தன் பழுப்புக் கோட்டில், சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். பத்து மணிக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள், இறந்தவருக்கான வழக்கப்படி பூக்களை இரட்டைப்படையில் எண்ணிக் கொண்டுவந்தார்கள். பாதிப் பேர் புத்தகத்தையும் கையில் வைத்திருந்தார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அட்டையிலிருந்த முகத்தை அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்கள்.

பிறகு தொடக்கப் பள்ளி ஆசிரியை நாலைந்து பிள்ளைகளோடு வந்தாள். முன்னால் நின்ற சிறுமியின் கையில் புதிதாகப் பின்னிய சிவப்புக் கம்பளித் தொப்பி.

"பிள்ளைங்க ஆசைப்பட்டாங்க. அவர் தலையில வைக்கலாமா?"

"தாராளமா வைம்மா," என்றாள் அத்தை. அழுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அறை முழுக்க அதற்காகவே வந்திருந்தது போல இருந்தது. ரலீட்சா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

சிறுமி கால்விரலில் எக்கிப் பெட்டிக்குள் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"இது பிர்கோ இல்ல," என்றாள்.

"பிர்கோதான்டா கண்ணு," என்றாள் ஆசிரியை.

"இல்ல டீச்சர். இது பஸ்கார மாமா. எங்கம்மா லேட்டா ஓடி வந்தா கதவை மூடாம நிப்பாரே, அவரு." சுற்றிலும் பார்த்தாள். "அப்ப பிர்கோ சாகலையா?"

ஆசிரியை அத்தையைப் பார்த்தாள்.

"சாகலம்மா," என்றாள் ரலீட்சா. "இது ஸ்தாமென். என் அப்பா."

"நல்ல மாமா," என்ற சிறுமி, வேறென்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைத் தன் தலையிலேயே மாட்டிக்கொண்டாள். யாரோ அவளிடம் சாவு வீட்டில் தரும், சர்க்கரை தூவிய அவித்த கோதுமையை ஒரு குவளையில் நீட்டினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து தின்னத் தொடங்கினாள்.

அத்தை தம்பியின் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே இரண்டு தரம் சரிசெய்தாள். பிறகு நிமிர்ந்து வாசல் நடைக்குப் போனாள்.

ரலீட்சா மெழுகுவத்தியின் திரியைக் கிள்ளிவிட்டுக்கொண்டிருந்தபோது வாசல் பக்கமிருந்து சத்தம் கேட்டது. கதவு மரத்தில் கத்தி உரசும் சத்தம். நின்றது. தண்ணீர் தெளிக்கும் சத்தம். மறுபடியும் உரசத் தொடங்கியது, இந்த முறை மெதுவாக.