மீதி ஐந்து

குலுக்கலில் அக்காவுக்குக் கணினி அறை விழுந்தது, தங்கைக்குப் பரிசோதனைக்கூடம். இரட்டையர்தான், அக்காவுக்கு ஏழு நிமிட மூப்பு. உயிரியல் மூன்றாமாண்டு மாணவர்களை இப்படி இரண்டாகப் பிரித்து, எந்தப் பக்கம் அதிகம் கற்கிறது என்று ஒப்பிடுவது பேராசிரியையின் திட்டம். இரண்டு குழுவுக்கும் கேள்வி ஒன்றே: பட்டினி கிடந்தால் கல்லீரலில் எந்தெந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன?

தங்கையின் பங்குக்கு இருபத்துநான்கு வெள்ளைச் சுண்டெலிகள். ஒரு நாள் பட்டினி போட்டு, பிடரியில் பென்சிலை அழுத்தி, வாலைப் பிடித்து இழுத்துக் கழுத்தை முறிக்க வேண்டும், பிறகு கல்லீரலை எடுக்க வேண்டும். முதல் எலியைப் பாதி இழுவையில் விட்டுவிட்டாள். அது கீச்சிட்டது. கூடத்து உதவியாளர் பாய்ந்து வந்து முடித்துவைத்தார்.

"இழுத்தா ஒரே இழு. நீ பாவம் பாத்தா அதுக்குத்தான் பாவம்."

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "தட்டையே பாத்துட்டிருந்தா வயிறு நிறைஞ்சிடுமா?" என்றாள் அம்மா.

மூன்றாவது வாரம் அக்கா அறைக்கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நம்ம கேள்விக்கு ஏற்கெனவே விடை இருக்குடி. ஆறு வருஷம் முன்னாடியே யாரோ நூறு எலி வச்சு செஞ்சு, எல்லாரும் எடுத்துக்கலாம்னு முடிவையெல்லாம் நெட்ல போட்டிருக்காங்க. மதியத்துக்குள்ள கணக்குப் போட்டு முடிச்சிட்டேன்."

"என்னைக்கு?"

"முதல் வாரமே."

"வாயைத் திறக்க ரெண்டு வாரமா?"

"ரெண்டு குழுவும் பேசிக்கக் கூடாதுன்னாங்கள்ல."

அதற்குள் பத்தொன்பது போயிருந்தன. மறுநாள் காலை தங்கை பேராசிரியையின் அறைக்குப் போனாள்.

"மேடம், மீதி அஞ்சு இருக்கு. விட்டுடலாமா?"

"விடை தெரியாமலா உங்களை இறக்கினேன்? உங்க கை பழகணும், அதான் பாடம். விட்டாலும் அதுங்களை யாரும் வளர்க்கப் போறதில்ல. வேற யாராவது கொல்லுவாங்க."

தங்கை கூடத்துக்குப் போனாள். ஐந்தையும் ஒரே காலையில் முடித்தாள். ஒன்றுகூடக் கத்தவில்லை.

கடைசி நாள் படிவம் கொடுத்தார்கள். தயக்கமின்றிச் செய்யும் திறன், ஐந்துக்கு எவ்வளவு: தொடக்கத்தில்? இப்போது? ஒன்று என்றும் ஐந்து என்றும் எழுதினாள். பொய் எழுத வரவில்லை. அக்கா இரண்டிலிருந்து மூன்றுக்குத்தான் ஏறியிருந்தாள்.

எல்லார் படிவத்தையும் கூட்டிப் பார்த்ததில் பரிசோதனைக்கூடம் ஜெயித்தது. அடுத்த ஆண்டு குலுக்கல் கிடையாது, அத்தனை பேருக்கும் எலிதான் என்று துறை முடிவெடுத்தது. உதவியாளர் இருநூறு சுண்டெலிக்குச் சொல்லிவைத்தார்.

பேராசிரியை தங்கையின் தோளைத் தட்டினார். "ஜூனியர்களுக்கு நீதான் செஞ்சு காட்டணும், என்ன?"

"சரி மேடம்" என்றாள் தங்கை.

பேருந்தில் அக்கா அவள் பக்கத்தில் உட்காரவில்லை.