அறுபது தாண்டாத எஸ்டேட்

அரசாங்கத்துக்குத் திடீரென்று ஒரு கவலை வந்துவிட்டது: மலையில் வயசாளிகள் எத்தனை வயதில் சாகிறார்கள்? 1957-ல் அதை வீடு வீடாக விசாரித்து எழுத, தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுக்குச் சிலுவைராஜ் என்ற குமாஸ்தா படிவக் கட்டோடு ஏறி வந்தார். துணைக்கு எஸ்டேட் ஆபீஸ், கூலியாட்களை மேய்க்கும் கங்காணி யாக்கோபுவையே அனுப்பியது. கங்காணி பக்கத்தில் நின்றால் சனங்கள் உள்ளதை உள்ளபடி சொல்வார்களாம். அடடா, என்ன மூளை!

அங்கே அறுபது முடிந்தால் செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் பேர் வெட்டு. மறுவாரமே எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதனால் அந்த எஸ்டேட்டில் யாருக்கும் அறுபது ஆவதேயில்லை. அறுபத்தாறு வயது அழகுத்தாய்க்கு செக்ரோலில் ஐம்பத்திரண்டு. அந்த ஒற்றை அறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. போன மாசம் கொழுந்துக் காட்டிலேயே சரிந்து செத்த அவள் புருஷன் பெரியமுத்துவுக்கு எழுபது.

"அவருக்கு என்ன வயசும்மா?" என்று சிலுவைராஜ் கேட்டார்.

"அம்பத்தஞ்சுய்யா. சாகுற வயசா?" என்று மூக்கைச் சிந்தினாள். அழுகை மட்டும் நிஜம்.

சிலுவைராஜ் லேசுப்பட்டவரில்லை. ஊரறிந்த சம்பவத்தை வைத்து வயதைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மலையாள ஆண்டு 1099-ல், அதாவது 1924-ல், வந்த பெருவெள்ளம் அதற்குத் தோதாக இருந்தது. "தொண்ணூத்தொம்பது வெள்ளம் வந்து முப்பத்திமூணு வருஷம். அப்ப இந்த வீட்டுல யாருக்கு என்ன வயசு?"

வாசலில் இருந்த மகன் சுருளிவேல் முந்திக்கொண்டான். காந்தலூரில் பூண்டுத் தோட்ட வேலை, தோட்டக் கொட்டகையிலேயே படுக்கை அவனுக்கு. அப்பன் காரியத்துக்கு வந்திருந்தான். வெள்ளக் கதை என்றால் அவனுக்குச் சோறே வேண்டாம். "எனக்குப் பதினாலு சார்! அம்மா கையப் புடிச்சு நாந்தான மேட்டுக்கு ஏத்திவிட்டேன்!"

சிலுவைராஜ் விரல்விட்டு எண்ணினார். மகனுக்கு நாற்பத்தேழு, படிவத்தில் அம்மா சொன்ன வயது ஐம்பத்திரண்டு.

"ஏம்மா, அஞ்சு வயசுலயா இவரைப் பெத்தீங்க?"

யாக்கோபு மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். அழகுத்தாய் மகனை முறைத்தாள். பாவிப்பயலே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா!

"நான் பெக்கலைய்யா," என்றாள். "எங்க வீட்டுக்காரரோட அண்ணன் மகன். தாயில்லாப் பிள்ளை. நான் வளத்தேன்."

சுருளிவேலின் முகம் செத்துப்போனது. கங்காணியைப் பார்த்தான், அறையைப் பார்த்தான்.

"ஆமா சார். சித்திதான்."

எல்லாம் சுபம். அறுபது தாண்டிய சாவு: இல்லை, என்று சிலுவைராஜ் திருப்தியாக எழுதினார். இந்த மலையில் கிழடுகள் சாவதே இல்லை என்று மேலிடம் மெச்சிக்கொள்ளும்.

அவர்கள் வாசலை விட்டு இறங்கியதும் அழகுத்தாய் வட்டிலில் கஞ்சி ஊற்றி மகன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை.

"சாப்பிடு ராசா, நான் பெத்த..." என்று தொடங்கியவள் சட்டென்று நிறுத்தினாள். யாக்கோபு அடுத்த வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.