சர்வேயரின் வசிப்பிடச் சான்று

சர்வேயர் துப்பாக்கி வாங்க மனு எழுதிக்கொடுத்த வாரத்தில் அவருடைய வீடு பதினோரு அடி கிழக்கே நகர்ந்தது. அடுத்த வாரம் இருபத்துமூன்று அடி. தெருவின் கடைசி வீடு அது, அதற்கப்பால் காலி மனைகள்தான் என்பதால் யார் சுவரிலும் இடிக்கவில்லை. தண்ணீர்க் குழாயும் கரண்ட் கம்பியும் கூடவே நீண்டுகொடுத்தன. பக்கத்து வீட்டார் பால்காரரிடம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னதோடு சரி. மீட்டர் பார்ப்பவர் வீட்டை எங்கே கண்டாரோ அந்த மனையின் எண்ணை எழுதிவிட்டுப் போனார். தண்ணீர் வரிக்காரர் பத்து நாள் கழித்து வந்து வேறொரு எண்ணை எழுதினார். இப்படியாக ஒரே மாதத்தில், ஒரே வீட்டுக்கு, ஒரே மனிதர் பெயரில் இரண்டு அசல் முகவரிகள் உண்டாகிவிட்டன. வீட்டுக்காரருக்கு இது முன்பே தெரியும். ஊருக்குத் துப்பாக்கிக் கடையில்தான் தெரியவந்தது.

அந்தக் கடையில் ஆவணங்களைச் சரிபார்க்கும் பெண்ணுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தது முதலாளி, செல்லமாக வைத்ததல்ல. சட்டம் சுருக்கமானது. வாங்குபவர் தன் பெயருக்கு மூன்று மாதத்துக்குள் வந்த இரண்டு காகிதங்களைக் காட்ட வேண்டும், இரண்டிலும் ஒரே முகவரி இருக்க வேண்டும், சந்தேகம் வந்தால் விற்பவர் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். மற்ற கடைகளில் சந்தேகம் வருவதேயில்லை. இவளுக்கு வராமல் இருந்ததில்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், நல்ல சட்டை போட்ட ஒருவர் நீட்டிய வாடகை ரசீதை மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். அந்த முகவரியில் இருந்தது பூட்டிக் கிடந்த ஒரு மர அறுவை ஆலை. அந்தத் துப்பாக்கி யாருடைய சமையலறையில் வெடித்தது என்பதை நாலாம் நாள் பேப்பரில் படித்தாள். அதன்பிறகு கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மேஜையில் வைப்பாள்.

சர்வேயரின் இரண்டு பில்களையும் வெளிச்சத்தில் பிடித்தாள். முத்திரை சரி, மை சரி, காகிதம் சரி. முகவரிதான் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. அவர் கோபப்படவில்லை. முப்பது வருடம் அடுத்தவர் எல்லைத் தகராறுகளை அளந்து தீர்த்த மனிதர், குரலை உயர்த்திப் பழக்கமில்லாதவர். "வீடு நகருது மேடம், அதான்" என்றார், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதுபோல. துப்பாக்கி எதற்கு என்ற கேள்விக்கு நேரே 'திருட்டு பயம்' என்று எழுதியிருந்தார். அவள் நேரில் பார்த்துவிட்டு எழுதுவதாகச் சொன்னாள்.

போனபோது வீடு மூன்றாவது காலி மனையில், வாசலை லேசாகத் தெற்கே திருப்பிக்கொண்டு நின்றிருந்தது. சர்வேயரின் மனைவி கூடத்தில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தையல் மெஷின், இரண்டு நாற்காலி, ஒரு அலமாரி. திருடன் வந்தால் ஏதாவது வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பூதக்கண்ணாடிக்குத் தோன்றியது. வீடு ஏன் நகர்கிறது என்று கேட்டாள். மனைவி வாசலைப் பார்த்துவிட்டு, பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு என்னக்கா தெரியும், நான் துணி தைக்கிறவ" என்றாள். கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதற்குமுன் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பூதக்கண்ணாடி அதைக் குறித்துக்கொண்டாள். வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது, எதிர்வீட்டு மாடியில் ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பார்த்தாள். யார் யாரை எதற்காகப் பார்க்கிறார்கள் என்று அந்தத் தெருவில் யாருக்குமே நிச்சயமில்லை.

இரண்டாவது முறை சர்வேயர் கடைக்கு வந்தபோது பில்களோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டுவந்தார். "இதைவிட ஆதாரம் எந்த ஆபீஸ்ல தருவாங்க? நான் அந்த வீட்லதான் இருக்கேன்னு நிமிஷம் நிமிஷமா எழுதி வெச்சிருக்கேன், பாருங்க." அவள் பார்த்தாள். சின்ன, அழகான கையெழுத்து. மாவு மில், போக வர நானூற்று இருபத்துநாலு மீட்டர், ஆகவேண்டியது ஒன்பது நிமிடம், ஆனது இருபத்தாறு. மொட்டை மாடி, எட்டுத் துணி, ஆகவேண்டியது நாலு நிமிடம், ஆனது ஏழு, எதிர் ஜன்னல் திறந்திருந்தது. நூல் கடை, திரும்பி வரும்போது வேறு வழி. அத்தனையும் மனைவி போய்வந்த கணக்கு. பதினாலு மாதம் இப்படியே போயிற்று, ஒரு நாள்கூட விடாமல். கடைசிப் பக்கத்தில் 'வீடு, பதினோரு அடி கிழக்கே, பிறகு இருபத்துமூன்று' என்று எழுதி, அதன் கீழே 'யார் சொல்லி?' என்று கேட்டிருந்தது. பூதக்கண்ணாடி நோட்டை மூடி அவர் பக்கம் தள்ளினாள். "இது அரசாங்கக் காகிதம் இல்லைங்க" என்று மட்டும் சொன்னாள்.

முதலாளிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "ஏம்மா, நோட்டுல எழுதி வெச்சா குத்தமா? அவரு அளக்கறவரு, அளந்து எழுதியிருக்காரு. நமக்கு வேண்டியது ரெண்டு பில்லு. ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா குடுத்துட வேண்டியதுதானே." அவள் போலீசுக்கு ஒரு கடிதம் எழுதினாள். எந்தக் குற்றமும் நடக்கவில்லை என்று பதில் வந்தது. அது உண்மைதான். அந்த மனிதர் என்ன செய்யப் போகிறார் என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது, இன்றைக்கும் முடியாது. காகிதத்தைச் சந்தேகப்படத்தான் அவளுக்குச் சம்பளம், மனிதரைச் சந்தேகப்பட அல்ல. ஆனால் பதினாலு மாதக் கையெழுத்து ராத்தூக்கத்தைக் கெடுத்தது.

இதற்குள் சர்வேயர் தன் தொழிலைத் தன் வீட்டிடமே காட்டிவிட்டார். நான்கு மூலையிலும் எல்லைக்கல் நட்டு, கல்லுக்கும் சுவருக்கும் இரும்புச் சங்கிலி போட்டு, திருகாணியால் இறுக்கினார். வீடு நின்றது. மீட்டர்காரரும் தண்ணீர் வரிக்காரரும் வங்கிக் கடிதமும் முதல் தடவையாக ஒரே மனையைச் சொன்னார்கள். மனு கொடுத்த எண்பத்தெட்டாவது நாள் அவர் மூன்று காகிதங்களையும் மேஜையில் பரப்பினார். அவள் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தாள். ஒரு புள்ளிகூடத் தப்பாக இல்லை. ஒரே ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால் போதும், மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று முதலாளி அவரிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவள் போனாள். கதவு வெளியே பூட்டியிருந்தது. சங்கிலிகள் விண்ணென்று நின்றன. கிழக்குச் சுவரில் கைவைத்தபோது, எஞ்சினை அணைக்காமல் நிறுத்தி வைத்திருக்கும் பஸ்ஸைத் தொட்டதுபோல் உள்ளே ஓர் அதிர்வு இருந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மனைவி வந்து நின்றாள்.

"வீடு போயிடுமேன்னு பூட்டிட்டுப் போறாருக்கா. இன்னிக்குச் சாயங்காலம் ஒரு சாமான் வருதாம். அதுக்கப்புறம் பூட்டு வேணாம்னு சொன்னாரு."

"உங்களுக்குப் போறதுக்கு இடம் இருக்கா?"

மனைவி கடிகாரத்தைப் பார்க்கத் திரும்பினாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். "இருந்தா எப்பவோ போயிருப்பேனே."

"இந்தத் திருகாணியைத் தளர்த்தினா?"

"அது உள்ளயிருந்து எட்டாதுக்கா" என்றாள் மனைவி. திருகாணி இருந்த பக்கம் பார்த்துவிட்டு, "வெளியில இருந்து எட்டும்" என்றாள்.

பார்ப்பதுதான் அவள் வேலை. எதையும் தொடுவது அவள் வேலையில் சேராது. இதை நினைத்துக்கொண்டே முதல் திருகாணியைத் திருகினாள். நாலாவதற்கு வரும்போது உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. எதிர்வீட்டு மாடி ஆள் இந்த முறையும் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்து, கடைசித் திருகாணியை அவள் கையிலிருந்து வாங்கித் தானே கழற்றிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டான். வீடு உடனே கிளம்பவில்லை. மனைவி மெஷினில் மாட்டியிருந்த துணியைத் தைத்து முடித்து நூலை அறுத்த சத்தம் கேட்டது. பிறகு வீடு காலி மனையைத் தாண்டி, மெயின் ரோட்டில் இரண்டு லாரிகளுக்கு வழிவிட்டு, நடக்கிற வேகத்தில் போயிற்று. "வெள்ளிக்கிழமை குடுக்க வேண்டிய ஆர்டரு, எங்க நின்னாலும் குடுத்துடுவேன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிடுங்கக்கா" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. அது திரும்பி மறையும்வரை பூதக்கண்ணாடி காத்திருந்தாள். மறைந்த பிறகுதான் பேனாவை எடுத்து, 'நேரில் பார்த்தேன், மேற்படி முகவரியில் வீடு இல்லை' என்று எழுதினாள். பொய் எழுதி அவளுக்குப் பழக்கமில்லை.

நாலு மணிக்கு சர்வேயர் வந்தார். அவள் படிவத்தைக் காட்டினாள். அவர் படித்தார், பிறகு அவள் உள்ளங்கையைப் பார்த்தார்.

"நீங்களா கழட்டுனீங்க?"

"நான் பார்க்கப் போனேங்க. பார்த்தேன். இல்லை."

அவர் நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டு போனார். அதிலிருந்து ஒரு வருடம் அவள் வீட்டுக்கும் கடைக்கும் இடையேயுள்ள தூரமும், ஆகவேண்டிய நிமிடமும், ஆன நிமிடமும் அந்த நோட்டில் ஏறின. தெரு முனையில் அவர் நிற்பது அவளுக்குத் தெரியும். தாழ்ப்பாளை இரண்டாக்கினாள், போகும் வழியை மாற்றினாள். மாற்றிய வழியும் நோட்டில் ஏறியது. வீடு போனதுபற்றி அவர் கொடுத்த புகாரைப் போலீசார் வாங்கிக்கொண்டார்கள். திருட்டா, காணாமல் போனதா என்ற கேள்வியிலேயே அது நின்றுவிட்டது.

பிறகு அவர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் ஒன்பதாம் எண் அறையை மாத வாடகைக்கு எடுத்துக்கொண்டு மறுபடி மனு போட்டார். மனுவில் ஆறாவது கேள்வி, கடந்த ஏழு வருடம் வசித்த முகவரிகள் அனைத்தும், ஒவ்வொன்றையும் நேரில் பார்த்தாக வேண்டும். கடையிலிருந்து பழைய வீட்டைத் தேடிப் போனவர்கள் ஒவ்வொரு வருடமும் கையை விரித்துக்கொண்டு வந்தார்கள். வீடு ஒன்றும் ஒளிந்துகொள்ளவில்லை. சீருடை தைக்கக் கொடுப்பவர்கள் எப்படியோ அதைக் கண்டுபிடித்தார்கள். குளத்துப் பக்கம், அப்புறம் நூலகத்துக்கு எதிரே, ஒரு கோடைகாலம் முழுவதும் பக்கத்து ஊர் ரயில் பாதைக்கு அருகே. தபால்காரர் விலாசத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக் கடிதம் கொடுத்தார். சர்வேயர் போகும்போதெல்லாம் சமீபத்தில் யாரோ கோலூன்றிப் போனதுபோல் நான்கு பள்ளம் மட்டும் இருந்தது.

ஏழு வருடம் முடிந்தது. பழைய வீடு ஆறாவது கேள்வியிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. சர்வேயர் எண்பத்துநாலு லாட்ஜ் ரசீதுகளைக் கொண்டுவந்து மேஜையில் அடுக்கினார். தலை நரைத்திருந்தது, நோட்டு மட்டும் புதிது. அவள் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்பதாம் எண் அறை, ஒன்பதாம் எண் அறை, ஒன்பதாம் எண் அறை. "எதுக்கு வேணும்?" என்று கேட்டாள். "திருட்டு பயம்" என்றார் அவர். முதலாளி துப்பாக்கிப் பெட்டியைத் துடைத்து வெளியே எடுத்து வைத்துவிட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

லாட்ஜ் இருந்த இடத்தில் லாட்ஜ் இருந்தது. மானேஜர் சாவிப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எட்டாம் எண் அறைக்கும் பத்தாம் எண் அறைக்கும் நடுவே ஓர் அறை அகலத்துக்கு வெளிச்சமாக இருந்தது, அதன் வழியே பின்தெருவும் அதில் போகிற சைக்கிள்களும் தெரிந்தன.

"காலையில அவரு கிளம்பிக் கொஞ்ச நேரத்துல அதுவும் கிளம்பிடுச்சும்மா" என்றார் மானேஜர். "ஒரு பக்கெட்டு, ரெண்டு தலகாணி, எல்லாம் உள்ளயே போயிடுச்சு. அவருகிட்டதான் கேக்கணும்."

"எந்தப் பக்கம் போச்சு?"

அவர் கை கழுவப் போகும் வழியில் மேற்கே காட்டினார். அவள் படிவத்தை எடுத்து, நேரில் பார்த்தேன், இல்லை என்று எழுதினாள். சாட்சிக் கையெழுத்துக்கு அவரிடம் நீட்டினாள். அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போட்டுக்கொடுத்தார்.