பாதி ஆசிட் போதும்

எங்கள் வார்ப்படத் தொழிற்சாலையில் மணலுக்கு ஜாதகம் எழுதுகிறவள் நான். இரும்பை ஊற்றும் அச்சுகளுக்கு வருகிற மணலைச் சலித்து, ஈரம் பார்த்து, "சரி" என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்தக் கையெழுத்தால் வந்த வினையைத்தான் சொல்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்பு வரை வெள்ளை மணல், அதாவது குவார்ட்ஸ், முழுக்க முழுக்க சிலிக்கா. அதன் தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. நுரையீரலைத் தழும்பாக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். இரண்டு பேர் அப்படிப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நிர்வாகத்துக்கு ஞானம் பிறந்தது. பச்சை மணல் வாங்கினார்கள்.

ஆலிவின் என்ற கல்லை உடைத்த மணல் அது. பூமிக்குள் வெகு ஆழத்தில் கிடக்கும் பாறையில் பெரும்பங்கு இந்தக் கல்தான். எரிமலைக் குழம்போடு மேலே வரும், இல்லையென்றால் மலைகள் எழும்பும்போது கூடவே கிளம்பி வரும். மங்கிய பச்சை, கண்ணாடி மினுமினுப்பு. இதிலும் சிலிக்கா உண்டு, ஆனால் மெக்னீசியமும் இரும்பும் அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும். குழம்பில் சிலிக்கா கொஞ்சம் மிஞ்சினாலும் இந்தக் கல்லை வேறு கல்லாக மாற்றிவிடும். அதனால் இதுவும் குவார்ட்ஸும் ஒரே பாறையில் சேர்ந்து குடித்தனம் செய்வதில்லை. இயற்கை சேர்த்து வைக்காததை மனுஷன் ஒரு சாக்கில் போட்டுச் சேர்த்து வைப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போது என் அண்ணன் வேறொரு பட்டறையில் வெள்ளை மணலில் அச்சு போட்டுக்கொண்டிருந்தான். "இங்க வந்துடு, எங்க மணல் நெஞ்சைக் கெடுக்காது" என்று இழுத்து வந்தவள் நான். முகமூடி போட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது, வேலை ஓடவில்லை என்று முதல் வாரமே புலம்பினான். "கழட்டித் தொலை, இந்த மண்ணுக்கு அது தேவையில்ல" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

ஆனால் அச்சு பிடிப்பதில் அந்த மணல் ஒரு சண்டைக்காரி. நாங்கள் கலக்கும் பிசின் ஆசிட் பட்டால்தான் இறுகும். ஆலிவினோ ஆசிட்டைக் குடித்துத் தீர்த்துவிடும். பிசினுக்கு மிச்சம் இருக்காது. இரண்டு மடங்கு ஊற்றினாலும் அச்சின் ஓரம் பொலபொலவென்று கொட்டும். நாலு வருஷம் அண்ணன் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் என்னை வறுத்தெடுத்தான். "உன் பச்சை மண்ணும் நீயும் ஒண்ணு. சொன்ன பேச்சு கேக்குறதில்ல."

போன வருஷம் தொடக்கத்தில் ஒரு லோடு வந்தது. அச்சுகள் கல் மாதிரி இறுகின. கழிவு பாதியானது. மேனேஜர் அண்ணனைத் தட்டிக்கொடுத்து எட்டுப் பேருக்குத் தலைவனாக்கினார். பச்சை கொஞ்சம் வெளுத்திருந்தது எனக்குத் தெரிந்தது. ஈரம் குறைவு போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மணல் எவ்வளவு ஆசிட் குடிக்கிறது என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சப்ளையர் மாறினால் மட்டும் செய்வது எங்கள் வழக்கம். சாக்கில் அதே பெயர் அச்சடித்திருந்தது. செய்யவில்லை. அண்ணன் திட்டுவதை நிறுத்திவிட்டானே, எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒன்றரை வருஷம் ஓடியது. அண்ணனுக்கு இருமல் வந்து போகாமல் ஒட்டிக்கொண்டது. எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாக இருந்தது. டாக்டர் பழைய பட்டறையைப் பற்றித்தான் கேட்டார். நாங்களும் பழியை அங்கேயே இறக்கி வைத்தோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை என் அறைப் படிக்கட்டில் ஏறி வந்தவன் நடுவில் இரண்டு முறை நின்றான். மேலே வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

"லீவு போடேன்" என்றேன்.

"எதுக்கு? வேலை முன்ன மாதிரி கஷ்டமில்லயே. மண்ணு இப்ப தங்கம். பாதி ஆசிட் போதும், கப்புனு பிடிச்சுக்குது."

பாதி ஆசிட் போதும் என்றால் அது ஆலிவினே இல்லை.

அவன் போனதும் அலமாரியிலிருந்து, ஆறு வருஷத்துக்கு முன்பு வந்த முதல் பச்சை மணல் லோடின் சாம்பிள் புட்டியை எடுத்தேன். அதையும் அன்றைய மணலையும் தனித்தனியாகக் கல்வத்தில் மாவாக அரைத்து, இரண்டு குவளையில் ஆசிட் ஊற்றிச் சூடாக்கினேன். அசல் ஆலிவின் ஆசிட்டில் கரைந்து கூழாகிவிடும். குவார்ட்ஸ் அசையாது. பழைய மணல் ஒழுங்காகக் கூழாயிற்று. புதியதில் கண்ணாடிக் குச்சியை விட்டேன். அடியில் நறநறவென்றது. குவளையில் பாதிக்கு மேல் வெள்ளைப் பொடி.

குவளையை அப்படியே மேனேஜர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. அவருக்கு முன்பே தெரியும் என்பது அதிலேயே தெரிந்துபோயிற்று.

"அச்சு நல்லா வருது. யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே, மேடம்."

"தூசிய சுவாசிக்கிறாங்க, சார்."

"ஒன்றரை வருஷமா ஒவ்வொரு லோடுக்கும் சரின்னு கையெழுத்து போட்டது யாரு? நானா?"

வாய் கூசாமல் கேட்டார். குவளையை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஸ்டோரில் ஒரு பெட்டி முகமூடி வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மணலையும் பிசினையும் கலக்கும் மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் மீசையெல்லாம் தூசி. என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த அச்சை விரல் மூட்டால் தட்டினான். கணீர் என்றது.

"கேட்டியா?" என்றான், பெருமையாக.

"அண்ணா, இது அந்த மண்ணு இல்ல. வெள்ளை மண்ணைக் கலந்திருக்காங்க. பாதிக்கு மேல."

அவன் சிரிக்கப் பார்த்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "எப்பலேருந்து?"

"உன்னை லீடராக்கினாங்களே, அப்பலேருந்து."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் நெஞ்சில் எவ்வளவு அந்தப் பழைய பட்டறை போட்டது, எவ்வளவு நான் போட்டது என்று எந்த எக்ஸ்ரேயும் பிரித்துச் சொல்லாது. அந்தச் சந்தேகத்தோடுதான் இனி நான் காலம் தள்ள வேண்டும். ஒரு முகமூடியை அவன் பக்கம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. மிக்சர் பக்கம் வேலை செய்துகொண்டிருந்த எட்டுப் பேரையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருத்தன் முகத்திலும் துணிகூட இல்லை.

"நான் வந்தப்ப இவங்க எல்லாரும் முகமூடி போட்டுட்டுதான் இருந்தாங்க" என்றான். "கிண்டல் பண்ணிக் கழட்ட வெச்சதே நான்தான். லேப்ல என் தங்கச்சி இருக்கா, அவளே வேண்டாம்னு சொல்லிட்டான்னு."

கை நீட்டி மிக்சரை அணைத்தான். சத்தம் நின்றதும் எட்டுப் பேரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். அண்ணன் வாயைத் திறந்தான். இருமல் வந்து, அச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். இருமி முடித்து நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் நீர்.

"நீயே சொல்லிடு" என்றான். "எனக்கு மூச்சு பத்தல."