மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே

பெரியப்பா சுயம்புலிங்கம் டம்ளரைச் சாய்த்ததும், பகவதி அப்பாவின் வாயை உள்ளங்கையால் பொத்திவிட்டாள். பால் அவள் விரல்களில் வழிந்து துண்டில் இறங்கியது.

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா? இது கடைசிப் பாலு, ஏட்டி! கூடப்பொறந்தவன் கையால ஒரு வாய் எறங்காம உசிரு எப்பிடிப் போவும்?"

"கம்பவுண்டர் சொன்னத நீங்களுந்தான கேட்டிய, பெரியப்பா."

கேட்டார்தான். முந்தின நாள் கோட்டாற்றில் கருப்பட்டிச் சிப்பம் இறக்கும்போது அப்பா பொன்னுலிங்கம் விழுந்தார். வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். விடிந்தால், தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிக் கடையடைப்பு. பஸ் ஓடவில்லை, டாக்டர் வரவில்லை. கம்பவுண்டர் ரசலையன்தான் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். பார்த்துவிட்டு, தன் பிடரியில் இரண்டு விரலை வைத்துக் காட்டினார்.

"மூச்சு விடுன்னு நெஞ்சுக்குச் சொல்லுத எடம் இங்கன, மூளைக்கு அடியில. அங்க ரத்தம் கசிஞ்சிருக்கு. நெஞ்சுக்கு ஒரு கேடும் இல்ல, சொல்லுதவனுக்குத்தான் சீக்கு. உள்ள கெட்ட காத்து நெறஞ்ச பெறவுதான் அவனுக்கு ஒறைக்கும். அதுவரை மூச்சு நிக்கும், பெறவு வரும். விழுங்குத நரம்பும் அங்கனதான். ஒரு சொட்டு ஊத்துனாலும் நுரையீரலுக்குப் போயிரும். ஒதட்ட மட்டும் நனைங்க."

மூச்சு விடுகிறோம் என்ற நினைப்பே நமக்கெல்லாம் இருப்பதில்லை. அன்று அந்த வீட்டில் வேறு நினைப்பே இல்லை. அப்பாவுக்கு மூச்சு சின்னதாகத் தொடங்கும், பெரிதாகும், ஓடிக் களைத்தவர்போல இரைக்கும். பிறகு தேய்ந்து தேய்ந்து நின்றுபோகும். அந்நேரம் காக்கை கரைந்தால்கூடப் பகவதிக்கு எரிச்சல் வந்தது. எழுந்தாள், உட்கார்ந்தாள். சன்னலைத் திறந்தாள், உடனே அடைத்தாள்.

மத்தியானம் ஒருமுறை நின்றபோது அத்தை நாகம்மை தலையை அவிழ்த்துப் போட்டு, "எங்கூடப் பொறந்த பொறப்பே..." என்று குரலெடுத்துவிட்டாள். ஒப்பாரியின் அடுத்த அடி வருமுன் அப்பாவின் நெஞ்சு ஏறியது. அத்தை கூந்தலை அள்ளி முடிந்தாள்.

"சின்னதுலயும் இப்பிடித்தான். என்னைய ஒரு பாட்டு முழுசாப் பாட விடமாட்டான்."

வாசலில் யாரோ சிரித்தார்கள். அத்தையும் சிரித்து, அந்தச் சிரிப்போடேயே அழுதாள்.

பெரியப்பா சிரிக்கவில்லை. டம்ளரோடு சுவரோரம் இருந்தார். "அண்ணங்காரன் பால் குடுக்காமக் கொன்னுட்டான்னு ஊரு பேசும், மக்கா."

"பேசட்டும். ஊத்துனா, நான் கொன்னேன்னு எனக்குத் தெரியும்லா."



விளக்கேற்றும் நேரத்தில் மூச்சு மறுபடியும் நின்றது. பெரியப்பா டம்ளரோடு எழுந்து வந்தார். பகவதி அவர் பக்கம் திரும்பாமலே கையைக் குறுக்கே நீட்டினாள்.

"இருங்க. வரும்."

எவ்வளவு நேரம் பொறுப்பது? வீட்டில் கடிகாரம் இல்லை. அவள் தன் மூச்சை அடக்கிக்கொண்டாள். அப்பாவுக்கு வரும்போது தானும் விட்டால் போதும். காது அடைத்தது. நெஞ்சு முட்டியது. அப்பாவின் மார்மேல் கிடந்த வேட்டி மடிப்பு அசையவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பல்லைக் கடித்தாள். அவளைக் கேட்காமலே வாய் திறந்துகொண்டது. காற்று இரைச்சலோடு உள்ளே பாய்ந்தது.

"வந்துட்டு! தம்பிக்கு வந்துட்டு!" என்றாள் அத்தை.

எல்லோரும் கட்டிலை நோக்கிக் குனிந்தார்கள். பெரியப்பா தம்பியின் அசையாத நெஞ்சையே பார்த்தபடி நின்றார். பிறகு மெதுவாக நிமிர்ந்து பகவதியைப் பார்த்தார்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள். முதுகு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.